முஷ்டி மடக்காத கை

அத்தியாயம் 6

"இந்தக் கையை இன்னிக்குப் புதைக்கக் கூடாது" என்றாள் ஷத்லியா அக்கா.

ஊர் நிர்வாகம் பார்க்கிற உம்தா ரஷாத் அவளை ஏற இறங்கப் பார்த்தார். ஊருக்கு நான்தான் அதிகாரி என்ற நினைப்பு அவருடைய சிவப்புத் தொப்பியிலிருந்து செருப்பு வரை இருந்தது.

"அதைச் சொல்ல நீங்க யாரும்மா?"

"இந்தப் பொண்ணு மப்ரூக்கா கூப்பிட்டு வந்தவ. யாரோட எலும்புன்னு தெரிஞ்சுக்கிட்டுப் புதைக்கலாம்."

"அஞ்சு விரல் இருக்கு. மணிக்கட்டுல ஜிலானி கட்டியிருந்த கயிறு இருக்கு. இதுக்கு மேல என்ன தெரியணும்? கை வாயைத் திறந்து பேர் சொல்லணுமா?"

"சொன்னா உங்க வேலை மிச்சம், உம்தா" என்றேன் நான்.

ஷத்லியா அக்கா என் காலை மிதித்தாள். அவளிடம் சேர்ந்த நாலு வருடத்தில் என் இடது செருப்பு மட்டும் மூன்று தடவை மாறியிருக்கிறது. அதற்கு முன்னால் நான் ஷேர் டாக்ஸி ஓட்டினேன். அவள் ஒரு கசாப்புக்கூடத்தில் இருபது வருடம் இறைச்சி பரிசோதகராக இருந்தாள். நோய் கண்ட மாட்டுக்கு முத்திரை குத்தச் சொன்னார்கள். குத்த மாட்டேன் என்றாள். மேலதிகாரி மேசையைத் தட்டினார். இவள் முத்திரையை அவர் சட்டையில் குத்திவிட்டு வெளியே வந்தாள். அன்றிலிருந்து துப்பறியும் வேலை.

நாங்கள் ஸ்ஃபாக்ஸ் நகரத்திலிருந்து காலை முதல் படகில் கெர்கென்னா தீவுக்கு வந்து இறங்கியிருந்தோம். வரவழைத்தவள் மப்ரூக்கா. அவளுடைய கணவன் ஜிலானி, பேய்க்கணவாய் பிடிக்கிறவன், காணாமல் போய்ப் பதினோரு வாரம். அவன் படகு மட்டும் காலியாக மிதந்து வந்தது. அதற்கு முதல் நாள் சாயங்காலம் காப்பிக் கடையில் ஜிலானியின் சட்டையைப் பிடித்து உலுக்கியவன் மப்ரூக்காவின் சொந்தத் தம்பி ஸாபிர். எதற்குச் சண்டை என்று போலீஸ் கேட்டது. "குடும்ப விஷயம்" என்பதற்கு மேல் ஸாபிர் ஒரு வார்த்தை சொல்லவில்லை. கொலைச் சந்தேகத்தில் உள்ளே போட்டார்கள்.

உடல் கிடைக்காததால் நாளை மறுநாள் அவனை விட்டுவிடுவார்கள் என்று வக்கீல் சொல்லியிருந்தார். நேற்றுக் காலை கடற்கரையில், காய்ந்த கடற்புல் குவியலுக்குள் இந்தக் கை கிடைத்தது. ஒரு கிழிந்த வலைத் துண்டில் சுற்றிக்கொண்டு, விரல் விரலாக வெள்ளை எலும்பு. கண்டெடுத்தவன் ஜிலானியின் அண்ணன் லாமீன்.

"ஸ்ஃபாக்ஸிலிருந்து டாக்டர் வர நாலு நாள் ஆகுமாம்" என்றார் உம்தா. "அதுவரைக்கும் இறந்தவன் மய்யித்தை வெளியில வச்சுக்கிட்டு இருக்கிறது பாவம். பிற்பகல் அஸர் தொழுகை முடிஞ்சதும் அடக்கம். இறப்புச் சான்றிதழ்ல நான் கையெழுத்தே போட்டாச்சு."

"அஸருக்கு இன்னும் மூணு மணி நேரம் இருக்கு. அதுவரைக்கும் பார்க்கலாம் இல்லையா?"

"பாருங்க. பார்த்தா மட்டும் கை வேற ஆளோடதா ஆயிடுமா?"

அவர் போனதும் மப்ரூக்கா வெள்ளைத் துணி மூட்டையைச் சமையலறைக்குள் எடுத்து வந்தாள். குழந்தையைத் தூக்குகிற மாதிரி இரண்டு கையாலும் தூக்கி வந்தாள். அக்கா கதவைச் சாத்தினாள். ஜன்னல் வெளிச்சத்தில் துணியைப் பிரித்தாள். ஐந்து விரல், நடுவில் இரண்டு மிக நீளம். அக்கா ஓர் எலும்பைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். முகர்ந்தும் பார்த்தாள். பிறகு நிமிர்ந்தாள்.

"மப்ரூக்கா, உன் வீட்டுக்காரர் முஷ்டி மடக்குவாரா?"

"என்னக்கா கேள்வி இது? இழுவைமடிப் படகுகளை எதிர்த்து நிக்கிற சங்கத்துக்கு அவர்தான் தலைவர். கூட்டத்துல குத்திக் குத்தியே ரெண்டு மேசையை உடைச்சிருக்கார்."

"இந்தக் கை பிறந்ததிலிருந்து ஒரு தடவைகூட முஷ்டி மடக்கினதில்ல."

மப்ரூக்கா புரியாமல் பார்த்தாள்.

"உன் விரலை மடக்கு. கணு எப்படி உருளுது பாரு. மனுஷ விரல் எலும்போட முனை கதவுக் கீல் மாதிரி உருண்டிருக்கும். இதைப் பாரு, தட்டை. பலகையும் பலகையும் ஒட்டின மாதிரி. இது மடங்காது. இது பிடிக்கிற கை இல்ல, துழாவுற துடுப்பு. பெருவிரல் முனையில எலும்பே கூரா நீட்டிக்கிட்டு இருக்கு பாரு, நகம் மாட்டியிருந்த இடம். மனுஷனுக்கு அங்கே மொட்டையாத்தான் இருக்கும். கசாப்புக்கூடத்துல ஒரு தடவை கன்றுக்குட்டிக் கறின்னு சொல்லி ஒருத்தன் இதே மாதிரிக் காலை விக்க வந்தான், நான் கையும் களவுமா பிடிச்சேன். இது ஆமை. கடலாமையோட முன்காலு."

அக்கா எலும்பைத் துணியில் திரும்ப வைத்தாள்.

"ஆமையா?" என்றாள் மப்ரூக்கா. "ராத்திரி பூரா இது பக்கத்துலதான் உட்கார்ந்திருந்தேன். என் பொண்ணு யும்னா, ஒன்பது வயசு, ஒவ்வொரு விரலா முத்தம் குடுத்தா, அக்கா. அஞ்சு விரலுக்கும். 'அப்பா கை ஏன் சில்லுனு இருக்கு'ன்னு கேட்டா."

அழுவாள் என்று நினைத்தேன். அழவில்லை. கழுத்து நரம்பு மட்டும் புடைத்தது.

"எவன்க்கா செஞ்சான் இதை?"

"சமைக்கத் தெரிஞ்சவன். மூட்டு இடுக்குல மஞ்சள் ஒட்டியிருக்கு. பிரிஞ்சி இலை வாசனை இன்னும் போகல. கடல்ல செத்தவனுக்கு மசாலா போட்டது யாரு?"

"உப்பு வேணா கடலே போட்டிருக்கும்" என்றேன்.

இந்தத் தடவை காலை மிதிக்கவில்லை. அக்கா கயிற்றை எடுத்தாள். வலை பின்னுகிற நீல நூல், நடுவே சின்ன ஈயக் குண்டு.

"இது அவரோடதுதானா? நல்லா பாரு."

"அவரோடதுதான். யும்னா பின்னிக் கட்டினது. முடிச்சுல ஒரு சுத்து தப்பா போட்டுட்டா, இதோ. அதே முடிச்சு, அவிழ்க்கவே இல்ல."

"அறுத்து ஒட்டியிருக்கா?"

"இல்லியே."

"முடிச்சை அவிழ்க்காம கழட்ட முடியுமா?"

"முடியாதுக்கா. கையில வச்சே இறுக்கிட்டா. பெருவிரல் மேட்டைத் தாண்டாது. அவர்கூட சொன்னார், செத்தாலும் அறுக்க மாட்டேம்மான்னு."

அக்கா கயிற்றை ஒரு கிண்ணத்துத் தண்ணீரில் நனைத்தாள். இரண்டு விரலுக்கு நடுவே வைத்துத் தேய்த்தாள். எடுத்து என் மூக்குக்கு நேரே நீட்டினாள். வெள்ளையாக, மெல்லிசாக நுரை. ஆலிவ் எண்ணெய்ச் சோப்பின் வாசனை.

அவள் முகம் சிவந்தது. அந்தச் சிவப்பை எனக்குத் தெரியும். மேலதிகாரியின் சட்டையில் முத்திரை குத்திய அன்றைக்கும் இப்படித்தான் சிவந்திருக்கும்.

"என்னக்கா?" என்றாள் மப்ரூக்கா.

"இன்னும் ஒண்ணு பார்க்கணும். அதுவரைக்கும் வாயைத் திறக்காதே. கமைஸ், நீ லாமீன் வீட்டுக்குப் போய்த் துக்கம் விசாரி. துக்கத்தைக் கண்ணாலயும் விசாரி."

லாமீன் வீடு ஊருக்கு வெளியே, பேரீச்ச மரங்களுக்கு நடுவில் தனியாக இருந்தது. மனைவி இறந்தபின் ஒற்றை ஆளாக இருக்கிறானாம். கதவைத் தட்டினேன். பாதி கதவு திறந்து, அந்தப் பாதியையும் தன் தொப்பையால் அடைத்துக்கொண்டு நின்றான் லாமீன்.

"அல்லாஹ் உங்க தம்பிக்கு இரங்கட்டும்" என்றேன்.

"ஆமீன். என் தம்பி, என் வலது கை" என்று கண்ணைத் துடைத்தான். கண் காய்ந்திருந்தது.

"ஒரு டம்ளர் தண்ணி கிடைக்குமா?"

"அடக்கத்துக்குக் கிளம்பிக்கிட்டிருக்கேன். பள்ளிவாசல்ல குழாய் இருக்கு, அங்கே குடிங்க."

செத்த வீட்டுக்காரன் வந்தவனுக்குத் தண்ணீர் இல்லை என்று சொல்லி நான் கேட்டதே இல்லை. திரும்பி நடக்கிற மாதிரி நடந்து, பின்பக்கத்து வேலி இடுக்கு வழியாகப் பார்த்தேன். அரை நிமிடம் போதுமானதாக இருந்தது.

திரும்பி ஓடி வந்து மூச்சு வாங்கச் சொன்னேன். "அக்கா, அங்கே கோழி எதுல தண்ணி குடிக்குதுன்னு சொல்லுங்க பார்ப்போம்."

"ஆமை ஓடு."

"நீங்க இப்படி முந்திக்கிட்டா நான் எதுக்குக்கா? சரி, இதைச் சொல்லுங்க. கொடியில ரெண்டு பனியன் காயுது. ஒண்ணு கூடாரம் மாதிரி. இன்னொண்ணு ஒல்லியான ஆள் போடறது. லாமீன் அதைப் போட்டா தொப்பியாத்தான் போட முடியும்."

அக்கா நேரே உம்தாவிடம் போனாள்.

"பார்த்துட்டேன். நீங்க சொன்னதுதான் சரி. அஸருக்கு அடக்கம் பண்ணிடுங்க. எல்லா ஆம்பளைங்களும் வரணும். முக்கியமா அண்ணன் லாமீன் பக்கத்துல நின்னு மண்ணு போடணும்."

உம்தா மீசையைத் தடவிக்கொண்டார். மப்ரூக்கா அக்காவைத் திகைத்துப் பார்த்தாள். நானும்தான். ஆனால் வாய் திறக்காதே என்றால் திறக்காமல் இருக்க மப்ரூக்காவுக்குத் தெரிந்திருந்தது.

தொழுகை முடிந்தது. ஊர் ஆண்கள் மூட்டையைச் சுமந்துகொண்டு கல்லறைத் தோட்டம் போனார்கள். முன்னால் லாமீன், தோளில் மண்வெட்டி. தெரு காலியானதும் நாங்கள் மூன்று பேரும் எதிர்த்திசையில் லாமீன் வீட்டுக்கு நடந்தோம்.

வேலியை நான் தாண்டினேன், உள்தாழ்ப்பாளைத் திறந்துவிட்டேன். கோழிகள் கத்தின. பின்கட்டில் ஓர் அறை. கதவு ஒருக்களித்திருந்தது. அக்கா அதைக் காலால் தள்ளினாள்.

பாயில் சம்மணம் போட்டு உட்கார்ந்து ஒரு மனிதன் சாப்பிட்டுக்கொண்டிருந்தான். தாடி, ஒல்லி உடம்பு. கையில் கரண்டி. மடியில் நீலப் பூப்போட்ட கிண்ணம், விளிம்பில் சின்ன உடைசல். கிண்ணத்தில் பேய்க்கணவாய் போட்ட குஸ்குஸ் என்ற ரவைச் சோறு. இழவு வீட்டுக்கு வருகிறவர்களுக்காகக் காலையில் மப்ரூக்கா வீட்டு முற்றத்தில் பெரிய அண்டாவில் வெந்த அதே குஸ்குஸ்.

ஜிலானி தன்னுடைய சாவுச் சோற்றைத் தின்றுகொண்டிருந்தான்.

மப்ரூக்கா கிண்ணத்தைப் பார்த்தாள். பிறகு அவனைப் பார்த்தாள்.

"என் கிண்ணம் அது" என்றாள். "உப்பு சரியா இருக்கா?"

கரண்டி பாயில் விழுந்தது.

"மப்ரூக்கா, நான் சொல்றதைக் கேளு. இழுவைமடிக்காரங்க என்னைக் கொன்னிருப்பாங்க. உன்னையும் குழந்தையையும் காப்பாத்தத்தான்..."

"பொய்" என்றாள் அக்கா. "அவங்களுக்குப் பயந்தவன் பதினோரு வாரம் முன்னாடியே இந்தக் கையைக் கரையில போட்டிருப்பான். காலிப் படகு போதும்னுதானே இத்தனை நாள் சும்மா இருந்தீங்க? ஸாபிர் நாளை மறுநாள் வெளியில வர்றான்னு தெரிஞ்ச உடனே கை கரை ஒதுங்குது. நீங்க பயப்படறது படகுக்காரனுக்கு இல்ல. ஸாபிர் வாய்க்கு. அவன் என்ன பார்த்தான்?"

ஜிலானி சுவரைப் பார்த்தான்.

"என்ன பார்த்தான்?" என்று மப்ரூக்கா கேட்டாள். குரல் உயரவே இல்லை. அதுதான் பயமாக இருந்தது.

"என்னை... இழுவைமடிப் படகுல பார்த்தான்."

"அங்கே உங்களுக்கு என்ன வேலை?"

"பேய்க்கணவாய் எங்கே பொரிக்குதுன்னு அவங்களுக்குத் தெரியாது. எனக்குத் தெரியும். ரெண்டு வருஷமா நான்தான் இடம் காட்டினேன். கூலிக்கு. 'வெள்ளிக்கிழமைக்குள்ள நீங்களே ஊருக்குச் சொல்லுங்க, இல்லேன்னா நான் சொல்வேன்'னான் ஸாபிர். நான் எப்படிச் சொல்றது? சங்கத்துல எல்லாரும் என்னைத் தலைவர்னு..."

பகலில் மேசையைக் குத்தியவன் இரவில் அந்தப் படகின் முன்னால் நின்று வழி காட்டியிருக்கிறான். கடலடியைச் சுரண்டி வழித்துப் போன படகுகள். அந்தத் தீவில் எத்தனை பேர் அந்த இரண்டு வருடத்தில் கணவாய்க்குப் போட்ட பானையை வெறுமையாக மேலே தூக்கினார்கள் என்று எனக்குத் தெரியும். என் சித்தப்பாவும் ஒருத்தர். என் வாயில் ஒரு நகைச்சுவையும் வரவில்லை.

அக்கா பையிலிருந்து நீலக் கயிற்றை எடுத்து அவன் முன்னால் நீட்டினாள்.

"ஆமை உங்க அண்ணன் வலையில விழுந்தது, தின்னீங்க, கால் எலும்பு மனுஷக் கை மாதிரி இருக்கேன்னு யோசனை வந்தது. அது எனக்குப் புரியுது. ஆனா இந்தக் கயிறு? கொலைகாரன் பிணத்துலேருந்து எடுத்தா கத்தியால அறுப்பான். கடல் எடுத்தா கையோட எடுக்கும். சோப்பைக் குழைச்சுத் தடவி, முடிச்சு கெடாம, தோல் உரிய உரிய உருவி எடுக்கிறவன் ஒருத்தன்தான். அறுக்க மாட்டேன்னு பொண்ணுகிட்ட சொன்னவன். இது நுரைச்ச அப்பவே நீங்க உயிரோட இருக்கீங்கன்னு எனக்குத் தெரியும்."

அவன் வலது மணிக்கட்டை இடது கையால் மூடிக்கொண்டான். பெருவிரல் மேட்டில் தோல் உரிந்து பக்குக் கட்டியிருந்தது.

"அறுக்க மனசு வரல" என்றான்.

"வரலியா?" என்றாள் மப்ரூக்கா. "அவ போட்ட முடிச்சைக் காப்பாத்தின. அவளை ராத்திரி பூரா ஒரு ஆமைக் காலுக்கு முத்தம் குடுக்க வச்ச. அதுக்கு மனசு வந்துதா?"

கல்யாணமான நாளிலிருந்து 'நீங்க' என்று அழைத்தவனை முதல் தடவையாக 'நீ' என்றாள். அடித்திருந்தால்கூட அவன் அப்படிக் குறுகியிருக்க மாட்டான்.

"என் தம்பி பதினோரு வாரமா உள்ளே கிடக்கான். அவனைத் தூக்குல போட்டாலும் நீ இங்கே உட்கார்ந்து சோறு தின்னுக்கிட்டு இருந்திருப்ப. எழுந்திரு."

"மப்ரூக்கா..."

"செருப்பு தேட வேண்டாம். அப்படியே நட."

நடந்தான். ஊர்த் தெரு வழியாக, வெறுங்காலோடு, தாடியில் ஒட்டிய குஸ்குஸ் பருக்கையோடு. மாடிகளில் நின்ற பெண்களில் ஒருத்தி வீறிட்டாள். அடுத்தவள் அவள் வாயைப் பொத்தினாள். மப்ரூக்கா இரண்டடி பின்னால் வந்தாள், ஒரு பக்கமும் திரும்பவில்லை.

கல்லறைத் தோட்டத்தில் குழிக்குள் மூட்டையை இறக்கியிருந்தார்கள். லாமீன் முதல் மண்ணை அள்ளியிருந்தான். எங்களைப் பார்த்ததும் மண்வெட்டி அவன் கால் மேலேயே விழுந்தது.

உம்தா கண்ணைக் கசக்கினார். "இது... ஜிலானி மாதிரி இருக்கே?"

"அஞ்சு விரல் இருக்கான்னு எண்ணிப் பாருங்க, உம்தா" என்றேன்.

யாரும் சிரிக்கவில்லை. நானும் சிரிக்கச் சொல்லவில்லை.

"சொல்லு" என்றாள் மப்ரூக்கா. "என்கிட்ட சொன்னதை இவங்ககிட்டயும் சொல்லு."

சொன்னான். தலையைத் தொங்கப் போட்டுக்கொண்டு, பாதி வார்த்தையை விழுங்கிக்கொண்டு சொன்னான். தாஹிர் என்ற கிழவர் கூட்டத்தை விலக்கிக்கொண்டு முன்னால் வந்தார். சங்கத்தில் அவனுக்கு அடுத்த நாற்காலி அவருடையது.

"கணவாய் இல்லாமப் போனது கடவுள் சோதனைன்னு நீதானேடா எங்களுக்குச் சொன்ன?" என்றார். "என் படகை வித்தப்ப என் தோள்ல கை போட்டு அழுதியேடா!"

நாலு பேர் மண்வெட்டியோடு நகர்ந்தார்கள். அக்கா சட்டென்று ஜிலானிக்கு முன்னால் போய் நின்றாள். அவர்கள் தோள் உயரம்தான் அவள் இருப்பாள், ஆனாலும் அவர்கள் நின்றார்கள்.

"இவன் மேல ஒரு கீறல் விழுந்தா, ஸாபிர் வெளியில வர இன்னும் ஒரு மாசம் ஆகும். யார் அடிக்கிறீங்க, வாங்க."

யாரும் வரவில்லை. உம்தா மட்டும் பையிலிருந்து கைக்குட்டையை எடுத்து நெற்றியைத் துடைத்தார். "சான்றிதழ் காலையிலேயே போயிடுச்சே. இறந்தவரை உயிரோட இருக்கார்னு மாத்தணும்னா பெரிய சிக்கல். மனைவி வேற கையெழுத்துப் போடணும்..."

"என் தம்பி வெளியில வர்ற வரைக்கும் இந்த ஆள் உயிரோட இருக்கட்டும், உம்தா" என்றாள் மப்ரூக்கா. "அதுக்கப்புறம் சான்றிதழ்ல இருக்கிறபடியே இருக்கட்டும். நான் கையெழுத்துப் போட மாட்டேன்."

ஐந்து மணிப் படகில் ஜிலானியைக் கூட்டிக்கொண்டு கடலைக் கடந்தோம். காற்று பலமாக இருந்தது. இரண்டு தடவை அவன் ஏதோ பேச ஆரம்பித்தான். இரண்டு தடவையும் மப்ரூக்கா எழுந்து அடுத்த பெஞ்சுக்குப் போய் உட்கார்ந்தாள். ஸ்ஃபாக்ஸில் போலீஸ் அதிகாரி அவன் அடையாள அட்டையையும் அவன் முகத்தையும் மாறி மாறிப் பார்த்தார். உள்ளே கூட்டிக்கொண்டு போனார்கள். லாமீனைக் கூட்டி வர ஓர் ஆள் அடுத்த படகில் போனார்.

மறுநாள் பத்து மணிக்கு ஸாபிர் வெளியே வந்தான். இருபத்தாறு வயது, ஒரு பிளாஸ்டிக் பை, இளைத்துப் போன முகம். தன் அக்காவைப் பார்த்ததும் சிரிக்கப் பார்த்தான்.

மப்ரூக்கா நேராகப் போய் அவன் கன்னத்தில் ஓங்கி ஓர் அறை விட்டாள். வாசலில் நின்ற காவலாளி திரும்பிப் பார்த்தார்.

"ஏண்டா வாயைத் திறக்கல? பதினோரு வாரம்டா!"

"உனக்கு அவமானமாப் போயிடும்னுதான்க்கா..."

"எனக்கா? அவன் செஞ்சதுக்கு நான் எதுக்குடா அவமானப்படணும்?"

தான் அறைந்த கன்னத்தை அவள் இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டாள். அப்போதுதான் அழுதாள், திட்டிக்கொண்டே அழுதாள். பிறகு அவன் பையைப் பிடுங்கித் தன் தோளில் மாட்டிக்கொண்டு, படகுத்துறைப் பக்கம் வேகமாக நடந்தாள். ஸாபிர் கன்னத்தைத் தடவிக்கொண்டு பின்னால் ஓடினான்.